காத்துல கலந்த குற்றம்... மாசுக்கும் க்ரைமுக்கும் என்ன சம்பந்தம்?

1990-ம் ஆண்டு நியூயார்க் நகரத்தில் மட்டும் 2,200-க்கும் அதிகமான கொலைகள் நடந்தன. கணக்குப் போட்டா, ஒரு நாளைக்கு ஆறு கொலை. ராத்திரி நேரத்துல சுரங்க ரயில்ல ஏறவே ஜனங்க பயந்த காலம் அது. 'இது இன்னும் மோசமாகத்தான் போகும்' என்று அமெரிக்கக் குற்றவியல் நிபுணர்கள் பலர் எச்சரித்துக்கொண்டிருந்தார்கள்.

நடந்ததோ நேர்மாறு. 2000-ம் ஆண்டில் அதே நகரத்தில் கொலைகளின் எண்ணிக்கை 700-க்கும் கீழே வந்துவிட்டது. நியூயார்க் மட்டுமில்ல, அமெரிக்கா முழுக்கவே வன்முறைக் குற்றங்கள் மளமளன்னு குறைந்தன.

காரணம் சொல்ல நிறைய பேர் வந்தாங்க. 'ரோந்தை அதிகப்படுத்தினோம், அதான்' என்றது போலீஸ். 'பொருளாதாரம் நல்லா இருந்துச்சு, வேலை கிடைச்சது' என்றனர் சிலர். 'நிறைய பேரைப் புடிச்சு ஜெயில்ல போட்டோம்ல' என்றது இன்னொரு தரப்பு. 'கிராக்' என்ற போதைப்பொருளின் மோகம் தணிந்ததைச் சொன்னவர்களும் உண்டு. எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் உண்மை இருந்தது. ஆனா, போலீஸ் முறையை மாற்றாத ஊர்களிலும் குற்றம் குறைஞ்சதே, அது எப்படி?

அந்த நேரத்துலதான் யாருமே எதிர்பார்க்காத ஒண்ணு குற்றவாளிக் கூண்டில் ஏறியது. அது மனுஷன் இல்ல. பெட்ரோலில் கலந்திருந்த ஓர் உலோகம். பெயர், காரீயம்.

ஈயச்சொம்பு ரசம் வேற... இது வேற!

ஈயம்னு சொன்னதும் பலருக்கும் பாட்டி வீட்டு ஈயச்சொம்பு ரசம்தான் ஞாபகத்துக்கு வரும். பயப்பட வேண்டாம். ஈயச்சொம்பு செய்யறது வெள்ளீயத்தில். ஆங்கிலத்தில் 'டின்'. பித்தளைப் பாத்திரத்துக்கு உள்ளே பூசுவதும் அதேதான். நாம இங்கே பேசப்போறது காரீயத்தைப் பத்தி, அதாவது 'லெட்'. இன்வெர்ட்டர் பேட்டரிக்குள்ள இருக்கறது, மீன்பிடி வலையில் குண்டாகக் கட்டறது இதைத்தான். ரெண்டையும் பொதுவா ஈயம்னே கூப்பிடுறதாலதான் இந்தக் குழப்பம்.

என்ஜினுக்கு மருந்து, மனுஷனுக்கு விஷம்

கார்கள் பெருகத் தொடங்கிய காலத்தில் கம்பெனிகளுக்கு ஒரு தலைவலி இருந்தது. வண்டி மேடு ஏறும்போது என்ஜின் உள்ளே 'டக் டக்'னு தட்டும். 1921-ல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தில் வேலை பார்த்த தாமஸ் மிட்ஜ்லி இதுக்கு ஒரு தீர்வு கண்டுபிடித்தார். டெட்ராஎத்தில் லெட் என்ற காரீயச் சேர்மத்தைப் பெட்ரோலில் துளியூண்டு கலந்தால் போதும், என்ஜின் வழுக்கிக்கொண்டு ஓடும். 1923-ல் பம்ப்புக்கு வந்துவிட்டது. விற்பனைப் பெயரில் ஈயம் என்ற வார்த்தையே கிடையாது. வெறுமனே 'எத்தில்' என்று வைத்தார்கள்.

அடுத்த வருஷமே விபரீதம் தெரிந்தது. 1924 அக்டோபரில், நியூஜெர்சியில் இதைத் தயாரித்த ஆலையில் தொழிலாளர்கள் பித்துப் பிடித்தவர்கள்போல நடந்துகொண்டார்கள். இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரிந்தது, மூர்க்கம் ஏறியது. சிலரைக் கட்டிப்போட வேண்டியிருந்தது. ஐந்து பேர் இறந்தார்கள்.

அதே மாதம் மிட்ஜ்லி பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டு, அந்தத் திரவத்தைத் தன் கையில் ஊற்றித் தேய்த்து, ஒரு நிமிஷம் முகர்ந்தும் காட்டினார். 'பாருங்க, ஒண்ணும் ஆகல!' என்பதுதான் சேதி. அதுக்கு முந்தைய வருஷம்தான் அவரே ஈய நஞ்சால பாதிக்கப்பட்டு ஓய்வுக்காக மியாமி போய்விட்டு வந்திருந்தார். அதை அங்கே சொல்லவில்லை.

அப்புறம் சுமார் ஐம்பது வருஷம் உலகத்தின் சாலைகளெல்லாம் ஈயப் புகையைக் குடித்தன. பூமியின் வயது சுமார் 455 கோடி ஆண்டுகள் என்று கணித்த விஞ்ஞானி க்ளேர் பேட்டர்சன், அந்த ஆராய்ச்சியின்போதுதான் ஒன்றைக் கவனித்தார். எந்த மாதிரியை எடுத்தாலும் அதில் வெளியிலிருந்து வந்த ஈயம் ஒட்டியிருக்கிறது! 1965-ல் அவர் இதைக் கட்டுரையாக எழுதி எச்சரித்தபோது, பெட்ரோலியத் துறையிலிருந்து வந்துகொண்டிருந்த ஆராய்ச்சி நிதி நின்றுபோனது.

பால்பல் சொன்ன சாட்சி

சரி, ஈயம் விஷம். ஒத்துக்கலாம். ஆனா அதுக்கும் திருட்டு, அடிதடிக்கும் என்ன சம்பந்தம்?

இங்கேதான் ஹெர்பர்ட் நீடில்மேன் என்ற குழந்தைகள் மனநல மருத்துவர் வருகிறார். ஒரு குழந்தையின் உடம்பில் பல வருஷமா எவ்வளவு ஈயம் சேர்ந்திருக்குன்னு எப்படிக் கண்டுபிடிப்பது? ரத்தம் சமீபத்திய கணக்கைத்தான் சொல்லும். உடம்பு ஈயத்தை எலும்பிலும் பல்லிலும்தான் சேமித்து வைக்கும். எலும்பை வெட்டிப் பார்க்க முடியாது. ஆனா, ஒண்ணாம் ரெண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பால்பல் தானா விழுமே!

பாஸ்டனுக்குப் பக்கத்துல ரெண்டு ஊர்களில் ஆயிரக்கணக்கான பால்பற்களைச் சேகரித்தார். பல்லில் ஈயம் அதிகமாக இருந்த பிள்ளைகளின் அறிவுத்திறன் மதிப்பெண் குறைவாக இருந்தது. அது மட்டுமில்ல. எந்தப் பிள்ளைக்கு எவ்வளவு ஈயம் என்று தெரியாத ஆசிரியர்களிடம் அவர்களின் நடத்தையைப் பற்றிக் கேட்டபோது, ஈயம் கூடக்கூட 'கவனம் சிதறுது', 'சொன்னா கேக்க மாட்டேங்குது', 'சட்டுன்னு டென்ஷன் ஆகுது' போன்ற பதில்களும் கூடின. ஆய்வு வெளியான வருஷம் 1979.

காரணம், வேதியியல். நம்ம உடம்பு ஈயத்தைக் கால்சியம்னு நினைச்சு ஏமாந்துபோகுது. கால்சியத்துக்குத் திறக்கற கதவெல்லாம் ஈயத்துக்கும் திறக்குது. மூளைக்குள்ள நுழைஞ்சு, நரம்பு செல்கள் ஒண்ணோட ஒண்ணு பேசிக்கற இடத்துல போய் உக்காந்துக்குது. பெரியவர்களைவிடக் குழந்தைகளின் உடம்பு நாலு, அஞ்சு மடங்கு அதிகமா ஈயத்தை உறிஞ்சிக்கொள்ளும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இரும்புச்சத்தும் கால்சியமும் குறைவா இருக்கற குழந்தைன்னா இன்னும் அதிகம்.

இதில் முக்கியமாக அடி வாங்குவது நெற்றிக்குப் பின்னால் இருக்கிற முன்மூளைப் பகுதி. 'அவன் திட்டிட்டான், திருப்பி அடிக்கலாமா?' என்று கை பரபரக்கும்போது, 'வேணாம், யோசி' என்று பிடித்து இழுப்பது அதுதான். சுருக்கமாச் சொன்னா, மூளையோட பிரேக். ஈயம் யாருக்கும் கெட்ட எண்ணத்தை ஊட்டாது. பிரேக்கைத் தேய்ச்சு விட்டுடும், அவ்வளவுதான்.

23 வருஷ இடைவெளி

1990-களில் ரிக் நெவின் என்ற பொருளாதார நிபுணர், பழைய வீடுகளின் ஈய பெயின்ட்டை அகற்றுவது தொடர்பாக அமெரிக்க அரசின் வீட்டுவசதித் துறைக்கு ஆலோசகராக இருந்தார். பெட்ரோல் ஈயத்தின் அளவு வருஷா வருஷம் எப்படி ஏறி இறங்கியது என்று ஒரு வரைபடம் போட்டார். 1940-களில் ஏறத் தொடங்கி, 1970-களின் தொடக்கத்தில் உச்சிக்குப் போய், அப்புறம் சரசரன்னு இறங்கும் ஒரு மலை. வன்முறைக் குற்றங்களுக்கும் ஒரு வரைபடம் போட்டார். அதுவும் அதே வடிவ மலை. ஆனா 23 வருஷம் தள்ளி நின்றது.

ஏன் 23? கைக்குழந்தையாக ஈயத்தைச் சுவாசித்தவர்கள், வம்புதும்புகள் அதிகம் நடக்கிற இருபதுகளின் தொடக்க வயதை எட்ட ஆகும் காலம் அது. 2000-ம் ஆண்டில் இதை வெளியிட்டார். 2007-ல் பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா உள்ளிட்ட வேறு சில நாடுகளிலும் இதே மாதிரி தெரிவதாக எழுதினார்.

அதே 2007-ல் ஜெசிக்கா ரேயஸ் என்ற பொருளாதாரப் பேராசிரியர் இன்னொரு கோணத்தில் பார்த்தார். அமெரிக்காவில் எல்லா மாநிலங்களும் ஒரே வேகத்தில் ஈய பெட்ரோலைக் கைவிடவில்லை. வேகமாகக் கைவிட்ட மாநிலங்களில், பல வருஷம் கழித்து வன்முறைக் குற்றமும் வேகமாகக் குறைந்திருந்தது.

இதில் வேடிக்கை என்னன்னா, அமெரிக்கா ஈயத்தைக் கைவிட்டபோது குற்றத்தைக் குறைக்கணும்னு யாருமே நினைக்கல. புகையைச் சுத்தம் செய்யும் கருவியைக் கார்களில் பொருத்தினார்கள். ஈயம் அந்தக் கருவியைக் கெடுத்தது. ஈயத்தை வெளியேற்றியதற்கு அது ஒரு பெரிய காரணம். உடம்புக்குக் கெடுதல் என்பது இன்னொரு காரணம். குற்றம் குறைந்தது யாரும் கேட்காமலே கிடைத்த வரம்.

கொஞ்சம் பொறுங்க... தர்பூசணி கணக்கு!

ரெண்டு கோடு ஒரே மாதிரி இருக்குங்கறதால ஒண்ணுதான் இன்னொண்ணுக்குக் காரணம்னு சொல்லிட முடியுமா? வெயில் காலத்துல தர்பூசணி விற்பனையும் கூடுது, மின்வெட்டும் கூடுது. அதுக்காகத் தர்பூசணி சாப்பிட்டாத்தான் கரன்ட் போகுதுன்னு யாராவது சொல்வாங்களா? ரெண்டுக்கும் பின்னாடி வெயில்னு ஒண்ணு ஒளிஞ்சிருக்கு. அதே மாதிரி, ஈயத்துக்கும் குற்றத்துக்கும் பின்னாடி வறுமை ஒளிஞ்சிருக்கலாம் இல்லையா?

இதைச் சரிபார்க்க ஆளாளுக்கு ரத்தத்தைப் பரிசோதித்து, அவர்கள் வளரும் வரை காத்திருக்க வேண்டும். சின்சினாட்டி நகரத்தில் அதைச் செய்தார்கள். 1979 முதல் 1984 வரை, பழைய வீடுகள் நிறைந்த ஏழைப் பகுதிகளில் கர்ப்பிணிகளைச் சேர்த்து, பிறந்த குழந்தைகளின் ரத்தத்தை வருஷக்கணக்கில் அளந்தார்கள். 2008-ல் வெளியான முடிவு இது: ஆறு வயதில் ரத்த ஈயம் டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் கூடும்போது, பின்னாளில் வன்முறைக்காகக் கைதாகும் விகிதம் ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிறது. தாயின் படிப்பு, குடும்ப வருமானம் போன்றவற்றைக் கழித்துப் பார்த்த பிறகும் தொடர்பு நின்றது.

ஆனா, நியூசிலாந்தின் டனிடின் நகரத்துல கதை வேற மாதிரி இருந்தது. அங்கே 1972-73-ல் பிறந்தவர்களைப் பல பத்தாண்டுகளாகத் தொடர்ந்து கவனித்துவருகிறார்கள். அந்த ஊரில் பணக்காரர், ஏழை வித்தியாசமில்லாமல் எல்லாப் பிள்ளைகளும் ஈயப் புகையைச் சுவாசித்தார்கள். அவர்களில் 11 வயதில் ஈயம் அதிகம் இருந்தவர்களின் அறிவுத்திறன் 38 வயதிலும் குறைவாகவே இருந்தது. ஆனால், குற்றத்துடனான தொடர்பு மிகவும் பலவீனமாகத்தான் தெரிந்தது.

இந்த ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாருங்க. ஈயம் மூளையைத் தாக்குவது ரெண்டு ஊரிலும் ஒன்றுதான். கவனிக்கிற பள்ளிக்கூடம், டாக்டர், 'சின்னப் பையன் தானே' என்று இன்னொரு வாய்ப்பு தரும் ஊர் இதெல்லாம் கிடைத்த பிள்ளைக்கு அந்தப் பாதிப்பு குறைந்த மதிப்பெண்ணோடு நின்றுவிடலாம். எதுவுமே கிடைக்காத பிள்ளைக்கு அதே பாதிப்பு போலீஸ் ஸ்டேஷன் வரை போகலாம். விஷம் ஒண்ணுதான், விலை வேற வேற.

அப்போ மொத்தத்துல எவ்வளவு பங்கு? 2022-ல் வெளியான ஒரு தொகுப்பாய்வு அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் ஒன்றாக எடை போட்டது. 'தொடர்பு இருக்கு'ன்னு சொன்ன ஆய்வுகளே அதிகம் அச்சேறியிருக்கு, அதனால விளைவு கொஞ்சம் மிகைப்படுத்தப்பட்டிருக்கு என்றது. அதைக் கழித்த பிறகு, அமெரிக்காவில் கொலைகள் குறைந்ததில் 7 முதல் 28 சதவிகிதம் வரை ஈயம் ஒழிந்ததால் இருக்கலாம் என்று மதிப்பிட்டது. முழுக் காரணம் இல்ல. ஆனா ஒதுக்கித் தள்ளக்கூடிய பங்கும் இல்ல.

இன்னிக்கு வீசற காத்து, இன்னிக்கு நடக்கற சண்டை

ஈயம் வருஷக்கணக்கில் வேலை செய்யும் விஷம். ஆனா, ஒரே நாளில் விளைவைக் காட்டும் மாசும் உண்டு. வாகனப் புகையில் இருக்கும் பி.எம் 2.5 என்ற நுண்துகள் அதில் முக்கியமானது. தலைமுடியின் தடிமனில் முப்பதில் ஒரு பங்குகூட இருக்காது. நுரையீரலைத் தாண்டி ரத்தத்திலேயே கலந்துவிடும்.

இதைச் சோதிக்க சிகாகோ நகரத்தில் ஆய்வாளர்கள் ஒரு புத்திசாலித்தனமான வழியைக் கண்டுபிடித்தார்கள். நகரத்துக்கு நடுவே பெரிய நெடுஞ்சாலைகள் போகின்றன. ஒரு நாள் காற்று கிழக்கே அடித்தால், சாலையின் கிழக்குப் பக்கத்துக்காரர்கள் புகையை வாங்கிக்கொள்வார்கள். அடுத்த நாள் காற்று திரும்பினால், மேற்குப் பக்கத்துக்கு அந்தப் புகை. ரெண்டு பக்கமும் ஒரே ஊர், ஒரே நாள், ஒரே வெயில். வறுமையோ வேலையோ ஒரே நாளில் பக்கம் மாறாது. மாறுவது காற்று மட்டும்தான்.

12 வருஷத்தில் பதிவான 20 லட்சத்துக்கும் அதிகமான குற்றங்களைப் பார்த்தார்கள். புகை அடித்த பக்கத்தில் வன்முறைக் குற்றங்கள் சுமார் 2 சதவிகிதம் அதிகம். திருட்டு போன்றவற்றில் மாற்றமில்லை. அதாவது, திட்டம் போட்டுச் செய்யும் குற்றம் அல்ல, கோபத்தில் கை நீளும் குற்றம்தான் கூடியது.

லண்டனிலும் 2004, 2005 ஆண்டுகளின் சுமார் 18 லட்சம் குற்றங்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. காற்று மாசுக் குறியீடு 10 புள்ளிகள் ஏறினால் குற்றம் 0.9 சதவிகிதம் ஏறுகிறது என்றது முடிவு. அங்கே கூடியவை கடையில் சுட்டுட்டுப் போறது, பிக்பாக்கெட் மாதிரியான சின்னச் சின்னக் குற்றங்கள். கொலை போன்ற பெரிய குற்றங்களில் மாற்றம் இல்லை. ஆக, எந்த வகைக் குற்றம் கூடுது என்பதில் ரெண்டு ஊருக்கும் வித்தியாசம் உண்டு. மாசு கூடுற நாளில் ஏதோ ஒண்ணு கூடுது என்பதில் வித்தியாசம் இல்லை.

எப்படி நடக்குது இது? புகை உள்ளே போனதும் உடம்பு அதை ஒரு தாக்குதலா எடுத்துக்குது. அழற்சி உண்டாகுது, கார்ட்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் ஏறுது. தூக்கம் கெடுது. எரிச்சல் வருது. பின்விளைவை யோசிக்கிற நிதானம் குறையுது. டிராஃபிக்ல ஹார்ன் அடிச்சவனைத் திரும்பி முறைக்கறதுக்கும் இறங்கிப் போய்ச் சட்டையைப் பிடிக்கறதுக்கும் நடுவுல ஒரு மெல்லிசான கோடுதான் இருக்கு. அந்தக் கோட்டைத்தான் புகை அழிக்குது.

இதில் நமக்குச் சுடும் ஒரு எண் உண்டு. பி.எம் 2.5-ன் ஆண்டு சராசரி கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனம் 2021-ல் சொன்ன அளவு. இந்தியாவின் சட்டபூர்வ வரம்பு 40. எட்டு மடங்கு.

'அப்போ அந்த ஏரியா பசங்க..?'

இதுவரை படிச்ச சிலருக்கு மனசுல ஒரு கணக்கு ஓடியிருக்கும். 'வட சென்னையில ஃபேக்டரி அதிகம், புகை அதிகம். அதான் அங்க ரௌடிங்க அதிகம்னு சினிமால காட்டறாங்க போல!'

இல்லை. இந்த ஆய்வுகளை இதைவிடத் தப்பாகப் படிக்கவே முடியாது.

முதல் விஷயம், 2 சதவிகிதம் என்பது ஒரு நகரத்தின் கணக்கு, ஒரு மனிதனின் ஜாதகம் அல்ல. சிகாகோவில் காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் அந்தப் பக்கத்தில் வாழ்ந்த கிட்டத்தட்ட எல்லோரும் அன்றைக்கு யாரையும் அடிக்கவில்லை. ரத்தத்தில் ஈயம் இருந்த பிள்ளைகளில் டாக்டரானவர்கள், டீச்சரானவர்கள் உண்டு. எந்தப் பரிசோதனையும் 'இவன் திருடனாவான்'னு சொல்லாது.

ரெண்டாவது, கைது வேற, குற்றம் வேற. ஒரே தப்பை ரெண்டு பேர் செஞ்சா, குடிசைப் பகுதிப் பையன் லாக்கப்புக்கும் பங்களா வீட்டுப் பையன் 'வார்னிங்'கோட வீட்டுக்கும் போறது எல்லா நாட்டுலயும் நடக்குது. கைதுக் கணக்கை மட்டும் வைத்து ஒரு பகுதியின் குணத்தை எழுதினால், அது போலீஸ் எங்கே அதிகம் நிற்குது என்பதன் கணக்காகத்தான் இருக்கும்.

மூணாவதுதான் முக்கியம். எண்ணூர், மணலி மக்கள் தங்கள் வாசலில் அனல்மின் நிலையமும் சுத்திகரிப்பு ஆலையும் வேணும்னு கேட்டு வாங்கல. ஊருக்கே கரன்ட்டும் பெட்ரோலும் போகுது. புகையும் சாம்பலும் அவங்க வீட்டுல தங்குது. 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து வந்து எண்ணூர் கழிமுகத்தில் படிந்தபோது, மீனவர்களின் படகும் வலையும் பிழைப்பும் சேர்ந்து நாசமாகின. பாதிக்கப்பட்டவர்களையே 'அந்த ஏரியா ஆளுங்க' என்று சந்தேகத்தோடு பார்ப்பது, அடிபட்டவன் சட்டையில ரத்தம் இருக்குன்னு அவனையே கைது பண்ற கதை.

மொபைல் திருடினா ஜெயில்... மாசு பண்ணினா?

குற்றம்னா என்னன்னு நாம எப்படி முடிவு பண்றோம் என்பதையும் இங்கே யோசிக்கணும். பாரதிய நியாய சன்ஹிதா சட்டப்படி, திருட்டுக்கு மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் 1986-ல் வந்தபோது, அதன் விதிகளை மீறினால் ஐந்து ஆண்டு வரை சிறை என்று இருந்தது. 2023-ல் கொண்டுவரப்பட்ட ஜன் விஸ்வாஸ் சட்டத் திருத்தம் அந்த இடத்தில் 10,000 ரூபாய் முதல் 15 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று மாற்றியது. வழக்குகள் வருஷக்கணக்கில் இழுக்கின்றன, அபராதம் என்றால் சீக்கிரம் முடியும், தொழில் செய்வதும் எளிதாகும் என்பது அரசுத் தரப்பு வாதம்.

வாதம் இருக்கட்டும். ஒரு பெரிய ஆலைக்கு 15 லட்சம் எவ்வளவு பெரிய தொகை? 1924-ல் நியூஜெர்சியில் ஐந்து தொழிலாளர்கள் இறந்த பிறகும் அந்தத் திரவம் பல பத்தாண்டுகள் விற்பனையில் இருந்ததை வைத்துப் பார்த்தால், இந்தக் கேள்வி சும்மா கேட்பதல்ல.

பெட்ரோல்ல போயிடுச்சு... மஞ்சள்ல?

இந்தியாவில் 2000-ம் ஆண்டு பிப்ரவரியிலிருந்து ஈய பெட்ரோல் கிடையாது. உலகத்திலேயே கடைசியாக 2021-ல் அல்ஜீரியா கைவிட்டது. ஆனா ஈயம் முழுசாப் போகல. 2020-ல் யுனிசெஃப், பியூர் எர்த் அமைப்புகள் வெளியிட்ட அறிக்கை, உலகில் மூன்றில் ஒரு குழந்தையின் ரத்தத்தில், அதாவது 80 கோடி குழந்தைகள் வரை, கவலைப்பட வேண்டிய அளவு ஈயம் இருப்பதாக மதிப்பிட்டது. அதில் 27.5 கோடி பேர் இந்தியக் குழந்தைகள்.

எங்கிருந்து வருது? பழைய பேட்டரிகளைத் தெருவோரக் கொட்டகையில் உடைத்து உருக்கும் இடங்கள், பழைய பெயின்ட், மலிவான பொம்மைகள், சில அழகு சாதனப் பொருள்கள்... அப்புறம், மஞ்சள். கிழங்கு பளீர்னு மின்னணும்னு லெட் குரோமேட் என்ற மஞ்சள் சாயத்தைப் பூசும் கலப்படம் தெற்காசியாவில் பல இடங்களில் பிடிபட்டிருக்கிறது.

இதை ஒழிக்க முடியாதுன்னு நினைச்சா, வங்கதேசத்தைப் பாருங்க. அங்கே மஞ்சளில் ஈயம் இருப்பதை ஆய்வாளர்கள் கண்டுபிடித்து 2019-ல் வெளியிட்டதும், உணவுப் பாதுகாப்பு ஆணையம் களத்தில் இறங்கியது. சந்தைகளில் எச்சரிக்கை நோட்டீஸ் ஒட்டினார்கள், கையடக்கக் கருவியோடு மொத்த விற்பனைச் சந்தைக்கே போய்ச் சோதித்தார்கள், வியாபாரிகளுக்கு அபராதம் விதித்து அதைச் செய்தியாக்கினார்கள். 2019-ல் சந்தை மாதிரிகளில் 47 சதவிகிதத்தில் ஈயம் இருந்தது. 2021-ல் பூஜ்யம். ரெண்டே வருஷம்!

நாம என்ன செய்யலாம்?

* பழைய இன்வெர்ட்டர், வண்டி பேட்டரியைக் காயலான் கடையில போடாம, புது பேட்டரி வாங்கற டீலர்கிட்டயே திருப்பிக் கொடுங்க. மறுசுழற்சிக்குக் கம்பெனிகளைப் பொறுப்பாக்கும் பேட்டரிக் கழிவு விதிகள் 2022 முதல் அமலில் இருக்கு.

* மஞ்சள் வாங்கும்போது கண்ணைப் பறிக்கும் நிறத்துக்கு மயங்காதீங்க. கிழங்காக வாங்கி அரைக்கறவங்களும் அதன் மேல் பூச்சைக் கவனிங்க.

* பழைய வீட்டுச் சுவரை, கதவைச் சுரண்டும்போது தண்ணீர் தெளிச்சுச் சுரண்டுங்க. அந்த நேரத்தில் கைக்குழந்தையும் கர்ப்பிணியும் அங்கே இருக்க வேண்டாம். வீட்டுக்கான பெயின்ட்டில் ஈயம் 90 பி.பி.எம்-க்கு மேல் இருக்கக் கூடாது என்பது 2017 நவம்பரிலிருந்து அமலில் உள்ள விதி.

* குழந்தைகளுக்குச் சாப்பிடும் முன் கை கழுவும் பழக்கமும், கேழ்வரகு, கீரை, பால் போன்ற இரும்பு, கால்சியம் உள்ள உணவும் முக்கியம். ஈயம் உள்ளே நுழைவதை அது குறைக்கும். பேட்டரி பட்டறை, உருக்கு உலைக்குப் பக்கத்தில் வீடு என்றால், ரத்த ஈயப் பரிசோதனை பற்றி டாக்டரிடம் கேளுங்க.

* மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 'சமீர்' ஆப்பில் உங்க ஊர்க் காற்றின் தரத்தைப் பார்க்கலாம், புகாரும் கொடுக்கலாம். காற்று மோசமான நாளில் ஓட்டம், உடற்பயிற்சியைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்க.

ஆனா ஒண்ணு. கை கழுவி, கீரை சாப்பிட்டு மட்டும் தப்பிச்சுட முடியாது. நியூயார்க்கில் எந்த அம்மாவும் தனியாக ஈயத்தை வடிகட்டவில்லை. பெட்ரோலில் கலக்கக் கூடாதுன்னு சட்டம் வந்தது, அத்தனை குழந்தைகளும் சேர்ந்து தப்பித்தார்கள். அதனால அடுத்த தடவை ஓட்டுக் கேட்டு வர்றவங்க 'குற்றங்களை ஒழிப்போம், கூடுதல் போலீஸ் போடுவோம்'னு சொன்னா, 'சரிங்க, எங்க ஏரியா காத்தை எப்ப அளக்கப் போறீங்க?'ன்னு ஒரு கேள்வியையும் சேர்த்துக் கேளுங்க.

ஒரு குழந்தையின் ரத்தத்தில் இருக்கும் ஈயம் அதன் தலையெழுத்து இல்லை. எங்கேயோ ஓர் அலுவலகத்தில் யாரோ போட்ட கையெழுத்து. அதை மாற்றி எழுத முடியும்னு ரெண்டு வருஷத்துல காட்டியிருக்காங்க, பக்கத்து நாட்டுல.